இருநூறு பேருக்கு ஒரே மெயில்

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் எனக்கு ஒரு கடை. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று வெளியே போர்டு தொங்குகிறது. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காற்றை விடச் சத்தம் அதிகம் தரும் ஒரு ஃபேன், அப்புறம் நான். பதினெட்டு வருடமாக இந்த டப்பாவுக்குள் உட்கார்ந்து ஊர்க்காரர்களிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். கத்தினால்தான் வேலை நடக்கிறது. பிறந்த தேதி கேட்டால் "மழைக் காலத்துல" என்று பதில் சொல்லும் ஆட்களிடம் வேறு எப்படிப் பேசுவது?

என் தலைக்கு மேல் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். சிவப்பு மார்க்கரில் என் கையெழுத்து. "ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மெயிலில் வரும் லிங்கை அமுக்காதீர்கள். அவசரப்படுத்துகிறவன்தான் திருடன்." கடைசி வாக்கியம் என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கடைக்கு வருகிறவர்களைப் பிரிண்ட் வரும் வரை அதைப் படிக்கச் சொல்வேன். படிக்காமல் வெளியே பார்த்தால் திட்டுவேன்.

பெருமைப்பட நியாயம் இருந்தது. ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர், பார்சல் ஒன்று நிற்கிறது என்று வந்த மெயிலைக் காட்டிக்கொண்டு வியர்த்து வந்தார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். மேலே கம்பெனி பெயர் போட்டிருக்கும், அதை நம்பாதீங்க சார், அது அவனே எழுதிக்கொண்ட பெயர். அதன் மேல் அமுக்கினால் உள்ளே உண்மையான முகவரி தெரியும், பாருங்க, கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. லிங்க் மேல் மௌஸை வைத்தால் போதும், அமுக்க வேண்டாம். எந்த ஊருக்குக் கூட்டிப் போகிறான் என்று கீழே காட்டும். உங்களுக்கு எழுதுகிறவன் உங்கள் பெயரைப் போடாமல் 'அன்பான வாடிக்கையாளரே' என்கிறானே, ஏன்? அவனுக்கு உங்களைத் தெரியாது. வாத்தியார் மாணவனாகித் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

இவ்வளவு தெரிந்த நான் செய்துகொண்டிருந்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். எந்த விண்ணப்பமாக இருந்தாலும் மெயில் ஐடி என்று ஒரு கட்டம் வரும். "மெயில் இருக்குதா?" என்று கேட்டால் வந்தவர் என் முகத்தைப் பார்ப்பார். ஆரம்பத்தில் ஆளுக்கு ஒன்று போட்டுக் கொடுத்துத்தான் பார்த்தேன். அடுத்த மாதமே பாஸ்வேர்ட் மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். ஒருத்தர் பாஸ்வேர்ட் எழுதிய சீட்டைச் சட்டையோடு துவைத்துவிட்டு, அந்தக் கூழைக் கொண்டுவந்து காட்டினார். அதோடு வெறுத்துப்போய், எல்லோருக்கும் கடை மெயிலையே போட ஆரம்பித்தேன். காலேஜ் சீட்டு, வேலை விண்ணப்பம், பாஸ்போர்ட், பட்டா எதுவானாலும் கடிதம் எனக்கு வரும். நான் போன் பண்ணிச் சொல்வேன், அவர்கள் வந்து பிரிண்ட் எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்துக் கடைகள் பலவற்றிலும் இதுதான் வழக்கம். சுமார் இருநூறு பேருடைய கடிதங்கள் என் ஒரே பெட்டிக்குள் கிடந்தன.

அதில் ஒருத்தி பனமலைப் பக்கத்திலிருந்து வருகிறவள். தனியார் லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கும் வேலை, இரண்டு பிள்ளைகள். அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு மூன்று முறை எழுதிவிட்டாள். வயது வரம்புப்படி இந்த முறைதான் கடைசி. விண்ணப்பம் போட வந்த அன்றே கேட்டாள்.

"அக்கா, எனக்குன்னு தனியா ஒரு மெயில் போட்டுக் குடுங்களேன். போன்லயே பாத்துக்கறேன்."

"உனக்கு எதுக்குடி தனியா? மறந்துட்டு வந்து என் உயிர வாங்கறதுக்கா? லெட்டர் வந்தா நான் சொல்ல மாட்டேனா?"

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பை அப்போது நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மெயில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இன்று மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் புதுக் கடிதங்கள் வராது, பழையவை அழிக்கப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மேலே மெயில் கம்பெனியின் படம். வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு அழித்திருப்பேன். ஆனால் என் பெட்டி உண்மையிலேயே நிரம்பி வழியும் நிலையில்தான் இருந்தது. ஊரார் சர்டிபிகேட்டையெல்லாம் ஸ்கேன் பண்ணி அதிலேயே போட்டு வைத்து, ஒரு வாரமாகச் சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் லேப் டெக்னீஷியன் தேர்வு லிஸ்ட் வந்திருந்தது. அதில் அவள் நம்பர் இருந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கான அழைப்பு மெயிலில் அனுப்பப்படும் என்று கீழே போட்டிருந்தார்கள். அந்தக் கடிதம் வராமல் போய்விடுமோ என்ற பயம் எனக்குள் முன்பே உட்கார்ந்திருந்தது. எவனோ முகம் தெரியாதவன் சரியாக அதைத் தொட்டான்.

அமுக்கினேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். தவறு என்றது, மறுபடி கொடுத்தேன். 'நன்றி' என்று வந்தது. நான் நிம்மதியாக ஒருத்தருக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் மெயில் தானாக வெளியேறிவிட்டது. பாஸ்வேர்ட் போட்டேன், இது சரியில்லை என்றது. நாலு முறை போட்டேன். பிறகு பிரவுசரில் நான் போய்வந்த பக்கங்களைத் தேடி அந்த லிங்கின் முகவரியைப் படித்தேன். மெயில் கம்பெனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வாத்தியாருக்கு விரல் வைத்துக் காட்டியதெல்லாம் எனக்கு முன்னால் எழுத்து எழுத்தாக நின்றது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கடையில் ஐந்து பேர் நின்றார்கள். எழுந்து வெளியே போகவும் முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. தலைக்கு மேல் அந்த அட்டை வேறு.

மாலையில் அவள் போன் பண்ணினாள்.

"அக்கா, லெட்டர் வந்துச்சா?"

"நெட் ஸ்லோவா இருக்குது. வந்ததும் சொல்றேன்."

பொய் சொல்லிவிட்டு, பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கிறது என்று யாரோ சொன்னதற்கு அவர்களைத் திட்டினேன்.

புதன்கிழமை முழுக்க அந்த வேலை கொடுக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு முறை எடுத்தார்கள். "மெயிலைப் பாருங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள். அவர்களுடைய தளத்துக்குள் போய்ப் பார்க்கலாம் என்றால், நுழைவதற்கான எண்ணையும் அந்த மெயிலுக்கே அனுப்புகிறார்கள். எந்தப் பக்கம் முட்டினாலும் அதே கதவுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வழிதான் பாக்கி. மெயில் திறந்த காலத்தில் கொடுத்த போன் நம்பருக்கு ஒரு எண் அனுப்புவார்கள், அதைப் போட்டால் கணக்கு திரும்பும். திருடன் அந்த நம்பரை மாற்றியிருந்தாலும், பழைய நம்பர் சில நாட்களுக்குச் செல்லும் என்று படித்தேன். எந்த நம்பர் என்று பார்த்தேன். முன்பு பஸ் நிலையத்தில் குடை போட்டு உட்கார்ந்து இலவசமாகக் கொடுத்த சிம். சும்மா கிடைக்கிறதே என்று வாங்கியது. ரீசார்ஜ் பண்ணாமல் விட்டுச் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது.

அந்த நம்பருக்கே போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. வயதான ஆண் குரல்.

"யாரு?"

"ஐயா, நான் செஞ்சியில இருந்து பேசறேன். இது முன்னாடி என்னோட நம்பரு. இப்ப உங்க போனுக்கு ஆறு எண்ணு ஒண்ணு வரும். அத மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

சொல்லும்போதே எனக்குக் காது கூசியது. இதே வார்த்தைகளைச் சொல்கிறவனை நம்பாதே என்றுதானே வருடக்கணக்காகக் கத்தினேன்.

"இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டீங்களா? பொம்பளக் கொரல்ல பேசினா குடுத்துடுவமா?" வைத்துவிட்டார்.

இரண்டாவது முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்ததும் அழாத குறையாகப் பேசினேன்.

"வெச்சிடாதீங்க ஐயா. ரொம்ப அவசரம். ஒரு பொண்ணோட வேலையே போயிடும்."

"அவசரப்படுத்தறவன்தான் திருடன். தெரியுமா? எழுதியே போட்டிருக்குது."

"எங்க எழுதிப் போட்டிருக்குது?" என்று கேட்டேன்.

"செஞ்சியில ஒரு ஜெராக்ஸ் கடையில."

"ஐயோ, அது என் கடைதாங்க!"

"ஆமாமா, அதையும்தான் சொல்லுவ."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு உண்மையானவள் தன்னை உண்மையானவள் என்று காட்ட, திருடன் சொல்லாத சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாச் சொல்லையும் அவன் முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்த இரண்டொரு வழியையும் நானே அட்டை எழுதி அடைத்துவிட்டேன். என் குரலைக் கேட்டு அவருக்கே என்ன தோன்றியதோ.

"நெசமா இருந்தா நேர்ல வா. அவலூர்பேட்டை கடைத்தெருவுல கயித்துக் கடை. மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிடும்."

நல்லவேளை, அந்த நம்பர் கன்னியாகுமரிக்குப் போகவில்லை. மறுநாள் வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் கால் வைத்தபிறகுதான் அன்று அமாவாசை என்பது உறைத்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் பஸ்ஸின் கூரை மட்டும் பாக்கி என்று ஏறியிருந்தது. மஞ்சள் புடவைகளுக்கும் எலுமிச்சை மாலைகளுக்கும் நடுவில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். மேல்மலையனூருக்கு முன்னால் பஸ் நின்றது. முன்னால் பஸ், பின்னால் வேன், இருபுறமும் ஆட்டோ. இறங்கி நடக்கலாம் என்றால் வாசல் வரை போகவே வழி இல்லை. ஒரு மணி நேரம் அசையவில்லை. அங்காளம்மன் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு பயந்துபோய் மனதுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அப்போது அவள் போன் வந்தது. எடுக்காமல் விட்டேன். மறுபடி வந்தது. பக்கத்தில் நின்ற அம்மா, "எடுத்துத்தான் பேசேன்மா, இன்னா தலையா போயிடும்?" என்றாள்.

"அக்கா, எங்கூட எழுதின பொண்ணுக்கு முந்தாநாளே லெட்டர் வந்துடுச்சாம். எனக்கு வரலியா?"

அவள் குரலில் சந்தேகம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவ்வளவு நெரிசலிலும் சொல்லிவிட்டேன். போலி மெயில் வந்ததையும், நான் அமுக்கியதையும், இரண்டு நாளாகப் பொய் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். பிறகு அவள் சொன்னாள்.

"எங்கம்மா ரேஷன் கார்டு மாரியே ஆயிடுச்சிக்கா."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அவள் அம்மா எங்கள் நிலத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுக்க வந்தவர். எங்களுக்கு நாலு ஏக்கர் இருந்தது, அவர்களுக்குக் காணி நிலம் கிடையாது. அவர்கள் கூரை மழைக்கு ஒழுகும் என்பதால் ரேஷன் கார்டு, மனைப் பட்டா எல்லாவற்றையும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கொடுத்து வைப்பார்கள். அவர்கள் மட்டுமல்ல, நிலத்துக்கு வேலைக்கு வந்த ஐந்தாறு குடும்பங்கள் அப்படித்தான். அப்பா, எங்களுக்கு நைனா, அதைப் பெரிய உதவியாக நினைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். பொங்கலுக்கு முன்னால் ஒரு முறை நைனா கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். ரேஷனில் சர்க்கரை போடும் கடைசி நாள் அது. அவள் அம்மா வந்து வாசலில் நின்றார், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். ஒன்பதாம் வகுப்பு படித்த நான் உள்ளே இருந்தபடியே, "நைனா ஊர்ல இல்ல, அப்பறமா வாங்க" என்றேன். அவர்கள் போனதைக்கூட எழுந்து பார்க்கவில்லை. நான் மறந்தே போயிருந்தேன். அந்தச் சின்னப் பெண் மறக்கவில்லை.

விண்ணப்பம் போட வந்த அன்று அவள் சிரித்த சிரிப்பு எதைப் பார்த்துச் சிரித்தது என்று அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டு எனக்குப் புரிந்தது. பாஸ்வேர்ட் மறந்துவிடுவார்கள் என்று நான் சொல்லிக்கொண்டது பாதி உண்மை. மீதி உண்மை, எல்லோரும் எதற்கும் என் கடைக்கே வந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான். வெட்கமாக இருந்தது. இறங்கி ஓடிவிட வேண்டும் போல் இருந்தது, அதற்கும் வழியில்லை. வேர்வையும் கற்பூர வாசனையுமாக அங்கேயே நின்றேன்.

அவலூர்பேட்டை போய்ச் சேரும்போது மூன்று மணி. கயிற்றுக் கடையில் தேங்காய் நார்க் கயிறும் நைலான் கயிறும் சுருள் சுருளாகத் தொங்கின. நடுவில் கண்ணாடி போட்ட பெரியவர். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை மேலே தூக்கினார்.

"அட, நீதானா! 'அட்டையப் படிக்காம வெளிய இன்னா பாக்கறீங்க'ன்னு என்னக் கத்தினியே!"

"நான்தாங்க."

"அத வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சொன்னேன். பாத்தியா, நான் ஏமாறல."

"ஏமாறலீங்க. நான்தான் ஏமாந்துட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். என் போனிலிருந்து எண்ணைக் கேட்டேன், அவர் போன் 'டிங்' என்றது. அப்போதும் அவர் அந்த எண்ணை வாயால் சொல்லவில்லை. "சொல்லக் கூடாது, நீயே பாத்துக்க" என்று திரையை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஆறு எண்ணையும் அடித்தேன். ஒரு முறை தப்பாகி, மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி அவர் பொறுமையாகத் திருப்பிக் காட்டினார். பெட்டி திறந்தது.

திருடன் என் பெயரில் யார் யாருக்கோ எழுதியிருந்தான். ஆனால் அவளுடைய கடிதத்தை அவன் திறக்கக்கூட இல்லை. அவனுக்கு அது ஒரு குப்பை. செவ்வாய்க்கிழமை மதியம் வந்து, திறக்காமலே கிடந்தது. சரிபார்ப்பு மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, சென்னையில். கடிதத்தை வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

"வந்துடுச்சி. நாளைக்குத்தான். இன்னைக்கே கெளம்பிடு."

"சரிக்கா. பிரிண்ட்டு?"

என் கடை பூட்டிக் கிடந்தது. "எதிர்த்த கடையில எடுத்துக்க" என்றேன். பதினெட்டு வருடத்தில் நான் யாரையும் எதிர்க் கடைக்கு அனுப்பியதில்லை.

அவள் போனாள். காகிதங்களை எல்லாம் சரிபார்த்தார்கள் என்று அவளைச் சென்னையில் கொண்டுபோய்விட்ட அவள் வீட்டுக்காரர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஒவ்வொருவராகப் போன் பண்ணி, கடை மெயிலில் இன்னது நடந்தது, உங்கள் கடிதத்தையும் எவனோ பார்த்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சிலர் திட்டினார்கள். பலர், "அதனால இன்னாக்கா, நீங்களே பாத்துக்கங்க" என்றார்கள். திட்டியவர்களே மேல் என்று தோன்றியது.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். வேலை உத்தரவு இன்னும் வரவில்லை. வழக்கமாகக் கவுன்டருக்கு வெளியே நிற்கிறவள், அன்று உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மெயில் போட்டுக் குடுங்கக்கா. ஆர்டர் அதுக்கே வரணும்."

"போட்டுடலாம்மா" என்றேன். 'டி' வாயில் வரவில்லை. அவள் போனை அவள் கையிலேயே கொடுத்து, எங்கே அமுக்குவது என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பரையே போடச் சொன்னேன், சும்மா கிடைத்த சிம் எதுவும் வேண்டாம் என்றேன். பாஸ்வேர்ட் கட்டம் வந்தது. பழக்க தோஷத்தில் என் விரல் நீண்டது. அவள் போனை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் பாருங்கக்கா."

நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே என் அட்டை. நானே எழுதியதை முதல் தடவையாக, வெளியே பார்க்காமல், முழுவதும் படித்தேன். முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு எழுத்தாக, யோசித்து யோசித்து அவள் அமுக்கும் சத்தம் கேட்டது. வாசலில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்குக் காத்து நின்றார்கள்.

"முடிஞ்சிதாம்மா?" என்று தலையைத் திருப்பினேன்.

"திரும்பாதீங்கக்கா," என்றாள். "இன்னும் ரெண்டு எழுத்து இருக்குது."